கடைசிப் பெட்டி வரும் வரை

1/
நீளமான திரெட் மக்களே. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்துடுங்க.

இன்னிக்கு சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. கடைசியில் கொஞ்சம் அறிவுரை வரும். டாக்டர் ஆச்சே, அது இல்லாம முடிக்க வராது.

இன்னிக்கு கூட்ஸ் வண்டி.

2/
போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும். பரங்கிமலை ஸ்டேஷன், நடைமேடையின் தாம்பரம் பக்கக் கோடி. கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். ஆர்.பி.எஃப். காவலர் ஒருவர் ரொம்ப நேரமாகப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"யாருக்காவது வெயிட் பண்றீங்களா சார்?"

"கூட்ஸ் வண்டிக்கு சார்."

என்னை ஒரு தடவை பார்த்தார். கேமராவை ஒரு தடவை பார்த்தார்.

"கூட்ஸா? அதுல என்ன சார் இருக்கு எடுக்கறதுக்கு?"

நியாயமான கேள்வி. வீட்டில் மனைவி கேட்பதும் இதேதான். கூட வேலை செய்யும் டாக்டர்கள், "எல்லாரும் வந்தே பாரத்தைப் போட்டோ எடுக்கிறான், நீ சிமென்ட் வண்டிய எடுக்கிறியே" என்று ஓட்டுவதும் இதைத்தான். அவரிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

3/
எங்கள் வீடு வேளச்சேரி. ரயில் என்றால் எங்களுக்குப் பறக்கும் ரயில்தான். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-இல் மயிலாப்பூர் வந்தது, வேளச்சேரிக்கு வர 2007 ஆகிவிட்டது. அதில் போவதெல்லாம் ஆட்கள்தான். ஒரு மூட்டை சரக்கு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பறக்கும் ரயில் பாதி தூரம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும்தான் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து உப்பும் விறகும் படகில் ஏறிச் சென்னைக்கு வந்தது அந்தக் கால்வாய் வழியாகத்தான். சரக்கு போன வழியில் இன்று நாம் போகிறோம்.

அதனால் கூட்ஸ் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போக வேண்டும். கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் புறநகர் வண்டிகள் குறைந்த பிறகு ராத்திரியில்தான் தரிசனம் கிடைக்கும்.

4/
இந்தக் கிறுக்கு எனக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு ஊர் விருத்தாசலம். மே மாத லீவில் மாமா டிவிஎஸ் 50-இல் என்னை முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார். கேட் போட்டிருந்தால் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் குஷி.

"எத்தன பொட்டிடா? சொல்லு பாப்போம்."

நான் ஒரு எண் சொல்வேன். மாமா ஒரு எண் சொல்வார். அரியலூர்ப் பக்கமிருந்து சிமென்ட் வண்டி வரும். விரல் விட்டு எண்ணுவோம். தோற்றவர் கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும். மாமா தோற்காத நாளே கிடையாது. அது ஏன் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

அப்புறம் பிளஸ் டூ, எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் என்று காலம் ஓடிவிட்டது. கேட்டில் கூட்ஸ் வந்தால் வாட்சைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

5/
இங்கே ஒரு சின்ன வரலாறு.

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் எல்லாரும் 1853, பம்பாய் - தாணே என்பார்கள். அது முதல் பயணிகள் ரயில்.

அதற்கு 16 வருஷம் முன்னால், 1837-இல், நம்ம செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் ஓடிவிட்டது. ஏற்றி வந்தது சாலை போடக் கல். கல்லணையைப் புதுப்பித்தவர், கோதாவரியில் அணை கட்டியவர் என்று நாம் படித்த ஆர்தர் காட்டனுக்கு இதிலும் பங்கு உண்டு.

அதாவது இந்தியாவின் முதல் ரயிலே ஒரு கூட்ஸ் வண்டி. அதுவும் சென்னை வண்டி. நாமெல்லாம் அப்புறம் வந்து ஏறிக்கொண்டவர்கள்.

6/
2019 கோடை ஞாபகம் இருக்கா?

வேளச்சேரிக்காரர்களுக்கு மறக்காது. 2015 டிசம்பரில் படகு ஓட்டிய அதே தெருக்களில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். ஏரி இருக்கும் ஊரில் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. ஓபியில் வயிற்றுப்போக்கும் சிறுநீர்த் தொற்றும் வரிசை கட்டின. "நிறைய தண்ணி குடிங்க" என்று எழுதிக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், காவிரித் தண்ணீர். 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து, குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. இத்தனை பெரிய ஊருக்கு அது ஒரு வாய்த் தண்ணீர்தான். ஆனால் டிவியில் அந்த வேகன் வரிசையைப் பார்த்தபோது என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். பத்து, இருபது, முப்பது என்று. பக்கத்தில் மாமா இருப்பது மாதிரி இருந்தது.

7/
அப்புறம் 2021 மே. இரண்டாம் அலை.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் கோவிட் வார்டு டூட்டி. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே ஒரு பெட் காலியானால்தான் வெளியே ஒருவரை இறக்க முடியும். பெட் எப்படிக் காலியாகும் என்பது வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும்.

பிபிஇ கிட்டுக்குள் வியர்வையில் நனைந்தபடி நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, "டேங்க்ல எவ்ளோ இருக்கு?"

ஆஸ்பத்திரி டேங்கில் இருப்பது திரவ ஆக்சிஜன். மைனஸ் 183 டிகிரியில் குளிர்ந்து திரவமானது. இரும்பு ஆலைகளில் அதிகம் தயாராகும். அந்த ஆலைகள் பெரும்பாலும் கிழக்கே இருக்கின்றன. தேவைப்பட்டதோ இங்கே.

மே 14 அன்று, மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து நான்கு கன்டெய்னர்களில் 80 டன் ஆக்சிஜனோடு ஒரு கூட்ஸ் வண்டி தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ். அடுத்தடுத்து இன்னும் பல வந்தன.

வழக்கமாக எந்த எக்ஸ்பிரஸ் வந்தாலும் கூட்ஸ்தான் ஓரமாக லூப் லைனில் ஒதுங்கி வழிவிடும். அந்த நாட்களில் அதற்குத்தான் வழிநெடுகப் பச்சை விளக்கு.

அந்த 80 டன்னில் ஒரு மூச்சுகூட எங்கள் வார்டுக்கு வராமல் இருந்திருக்கலாம். ஆனாலும் டூட்டி முடிந்து கிட்டைக் கழற்றிவிட்டு, போனில் அந்தச் செய்தியைப் பார்த்ததும், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். யாரோ ஒருத்தர், முகம் தெரியாதவர், ராத்திரி முழுக்கக் கண் விழித்து நமக்காக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்ற நினைப்பு. வேறொன்றுமில்லை.

8/
அலை ஓய்ந்தது. எனக்குத் தூக்கம் திரும்பி வரவில்லை.

கண்ணை மூடினால் பெட் நம்பர்கள் வரும். பெயர் வராது, நம்பர்தான் வரும். 14 என்ன ஆனார்? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய 22 வீடு போய்ச் சேர்ந்தாரா? ஒருவரைப் பற்றியும் முழுசாகத் தெரியாது. அடுத்தவர் வந்துவிடுவார், அவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன். அவர் ஒன்று கேட்டார்: "சின்ன வயசுல எதைப் பார்த்தா உங்களுக்கு நேரம் போறதே தெரியாது?"

யோசித்துவிட்டு, "கூட்ஸ் வண்டி" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போய்ப் பாருங்களேன்" என்றார்.

நான் போகவில்லை. யார் போவார்கள்?

9/
2022. ஓபியில் ஒரு பெரியவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங்குக்கு வருவார். நேரம் தவற மாட்டார். எட்டரை என்றால் எட்டரை.

"என்ன வேலை பாத்தீங்க ஐயா?"

"கூட்ஸ் கார்டு டாக்டர். முப்பது வருஷத்துக்கு மேல. வண்டியோட வாலு."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"இப்ப எங்களுக்குப் பேரை மாத்திட்டாங்க டாக்டர். டிரெயின் மேனேஜராம். நான் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் மேனேஜர் ஆயிட்டேன்."

உண்மைதான். 2022 ஜனவரியில்தான் கார்டு என்ற பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள்.

சர்க்கரை ஏன் இத்தனை வருஷம் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. "எப்பக் கிளம்பும், எப்பச் சேரும்னு வண்டிக்கே தெரியாது டாக்டர். கையில ரெண்டு வேளைச் சோறு இருக்கும். பசிச்சப்பத் திங்கலாம். பசிக்காமத் தூக்கம் வரும்போதும் திங்கலாம்."

நோயாளியின் வேலையைக் கேட்காமல் எழுதும் டயட் சார்ட் வெறும் காகிதம். அன்று கற்ற பாடம்.

10/
ஒருநாள் கேட்டேன். "அந்தப் பிரேக் வேன்ல தனியா, கடைசியா, போர் அடிக்காதா ஐயா?"

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"எல்லாரும் இன்ஜினைத்தான் பார்ப்பாங்க டாக்டர். ஸ்டேஷன்ல நிக்கிறவன் மட்டும் என்னைத்தான் பார்ப்பான். ராத்திரின்னா சிவப்பு விளக்கு, பகல்னா பின்னாடி மாட்டியிருக்கிற எல்.வி. போர்டு. லாஸ்ட் வெஹிக்கிள். அதைக் கண்ணால பார்த்தாத்தான் வண்டி முழுசா வந்துடுச்சுன்னு முன்ன இருக்கிற ஸ்டேஷனுக்குச் சொல்லுவான். பார்க்காம அடுத்த வண்டியை விட முடியாது. நடுவுல கப்ளிங் அந்து நாலு வேகன் லைன்லயே நின்னுபோயிருந்தா? பின்னாடி வர்றவன் கதி என்ன?"

இன்று பல இடங்களில் தண்டவாளத்தில் இருக்கும் கருவியே உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணிச் சரிபார்த்துவிடுகிறது. ஆனால் விதி அதேதான். வந்தது முழுசா என்று தெரியாமல் அடுத்ததை விடக் கூடாது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தேன். ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. நான் கடைசிப் பெட்டியைப் பார்க்காமலேயே அடுத்த வண்டி, அடுத்த வண்டி என்று விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

11/
புண் ஆறியது. எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்து, "இனிமே வெறுங்கால்ல நடந்தா நான் பேச மாட்டேன் ஐயா" என்று சொன்னேன். அவர் இருந்தது பழவந்தாங்கலில். அடுத்த ஸ்டேஷன்தான் பரங்கிமலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சுண்டல் அவர் வாங்கினார். சர்க்கரைக்கு ஆகும் என்று எனக்கே விளக்கம் வேறு.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததும், பிறகு நானே படித்ததும்தான் இனி வரப்போவது. அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது பயன்படும்.

12/
வேகன் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரு மொழி.

பி.ஓ.எக்ஸ்.என். என்றால் மேலே திறந்த உயரமான வேகன். பெரும்பாலும் நிலக்கரி. எண்ணூர்ப் பக்கமிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போவது இதில்தான்.

பி.சி.என். என்றால் நான்கு பக்கமும் மூடியது. நெல், அரிசி, உரம், சிமென்ட்.

பி.டி.பி.என். உருண்டை டேங்க். பெட்ரோல், டீசல்.

கடைசியில் வரும் 'என்' என்ற எழுத்து, காற்றால் இயங்கும் பிரேக் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜினுக்கும் இப்படித்தான். டபிள்யூ.ஏ.ஜி.-9 என்று எழுதியிருந்தால், 'டபிள்யூ' அகலப்பாதை, 'ஏ' ஏசி மின்சாரம், 'ஜி' கூட்ஸ். 6,120 குதிரைத்திறன். பக்கவாட்டில் அதன் சொந்த ஊரும் எழுதியிருக்கும். ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று. எங்கேயோ போய்விட்டு ஊர் திரும்பும் ஈரோட்டு இன்ஜினைப் பார்த்தால் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

13/
ஒரு முழு நிலக்கரி வண்டியில் 58 வேகன் வரை இருக்கும். நீளம் ஏறத்தாழ 700 மீட்டர். உள்ளே 3,500 டன்னுக்கும் மேல். அதையே லாரியில் ஏற்றினால் 20 டன் வீதம் கிட்டத்தட்ட 200 லாரி ரோட்டில் இறங்க வேண்டும். வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் 200 லாரியைக் கற்பனை செய்து பாருங்கள்.

தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடியிலிருந்து 2,000 டன் நெல் அரவைக்குப் போனது என்று பேப்பரில் ஒரு மூலையில் சின்னச் செய்தி வரும். பெரும்பாலும் 42 வேகன். அறுவடைக் காலத்தில் அது தினசரிச் செய்தி. நம் ரேஷன் கடை மூட்டைக்குப் பின்னால் அப்படி ஒரு வண்டி இருக்கிறது.

இன்னொன்று. ரயில்வேயின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்துதான் வருகிறது. நம் டிக்கெட் விலை இவ்வளவு குறைவாக இருக்கக் காரணமே லூப் லைனில் ஒதுங்கி நிற்கும் அந்த அழுக்கு வண்டிதான். நமக்கு வழியும் விட்டு, நம் செலவையும் ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி.

14/
கண்ணை மூடிக்கொண்டும் கூட்ஸ் பார்க்கலாம். ஸ்டெத் பிடிக்கிறவனுக்கு இது தனி சுகம்.

காலி வண்டி வந்தால் ஊரையே எழுப்பிவிடும். தடதடவென்று இரும்பு முழுக்கக் கத்தும். சரக்கோடு வரும் வண்டி அப்படிக் கத்தாது. அடித்தொண்டையில் ஒரு முனகல். நடைமேடை காலுக்கடியில் லேசாக அதிரும். நிறைகுடம் தளும்பாது என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நடுவில் ஒரு சக்கரம் மட்டும் தட், தட், தட் என்று தனியாக அடித்துக்கொண்டு போகும். சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். முதல் முறை கேட்டபோது என் கை தானாகச் சட்டைப் பையில் ஸ்டெத்தைத் தேடியது.

15/
எனக்குப் பிடித்தது கார் ஏற்றிப் போகும் வண்டி.

வாலாஜாபாத்தில் புதுக் கார்களை ஏற்றி வடக்கே அனுப்புவார்கள். அப்படிப் போகும் பெட்டிகளில் ஒரு வகையை உற்றுப் பாருங்கள். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். ஆமாம், அது நாம் போன பழைய பாசஞ்சர் பெட்டி. இருபது வருஷத்துக்கும் மேல் ஆட்களைச் சுமந்து ஓய்ந்த ஐ.சி.எஃப். பெட்டியில் சீட்டையெல்லாம் கழற்றி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, பெட்டியின் முனையில் கதவு வைத்துக் காருக்கான வண்டியாக மாற்றிவிடுகிறார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறி, பெட்டி விட்டுப் பெட்டி உள்ளேயே ஓட்டிப் போகும்.

ஐ.சி.எஃப். நம்ம பெரம்பூர். 1955-லிருந்து பெட்டி கட்டுகிறார்கள். அடைத்த ஜன்னல்களின் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம், விருத்தாசலம் போகும்போது நான் சண்டை போட்டுப் பிடித்த ஜன்னல் சீட் இதில் ஒன்றாக இருக்குமோ என்று தோன்றும்.

16/
போட்டோ எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு. பெரிய கேமரா வேண்டாம். போன் போதும்.

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, மாலை ஐந்துக்கு மேல். சாய்ந்த வெயிலில் துருவுக்கும் ஒரு நிறம் வரும். உச்சி வெயிலில் எல்லாமே கரிதான்.

வண்டி முழுக்கக் கூர்மையாக வேண்டுமென்றால் ஷட்டர் 1/500 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் 1/30-க்கு இறக்கி, வண்டி போகும் திசையிலேயே கேமராவையும் மெல்லத் திருப்புங்கள். முதல் ஐம்பது படம் வீணாகும். கவலைப்படாதீர்கள். ஊசி போடவும் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். இருட்டில் ஓட்டி வரும் லோகோ பைலட்டின் கண்ணைக் கூசவைக்கும். அவர் பின்னால் 3,000 டன் இருக்கிறது.

17/
இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தத் திரெட்டையே ஆரம்பித்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு மாலை, கேஷுவாலிட்டி டூட்டி. 17 வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிளஸ் டூ. நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் டேங்க் வேகன் மேல் ஏறி செல்ஃபி.

சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை கரி. கூட வந்த நண்பன் நடுங்கிக்கொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கம்பிய அவன் தொடவே இல்ல சார். சத்தியமாத் தொடவே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். நம் வீட்டில் இருப்பது 230. அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும், காற்றைத் தாண்டிப் பாயும். கம்பி தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டேங்க் வேகனின் உயரமே நான்கு மீட்டருக்கு மேல். அதன் மேல் ஒரு பையன் எழுந்து நின்றால் கணக்கு என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

மின்சாரக் காயம் வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் வெந்திருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். செத்த தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தை அடைக்கும். கீழே விழுந்த அடி தனி.

டிரிப் ஏற்றி, இசிஜி பார்த்து, நிலைப்படுத்தி, தீக்காயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கை போனாப் பரவால்ல சார், உசுரு இருக்கும்ல?" என்றார்.

கதவு மூடியது. அடுத்த கேஸ் நெஞ்சுவலி. போய்ப் பார்த்தேன்.

18/
முன்பாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். கேஷுவாலிட்டியில் நாங்கள் கதையின் முதல் பக்கத்தை மட்டும் படிப்பவர்கள். அனுப்பிய பிறகு என்ன ஆனது என்று கேட்க நேரமும் இருக்காது. உண்மையைச் சொன்னால், கேட்கப் பயமாகவும் இருக்கும்.

ஆனால் கார்டு ஐயா சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காம அடுத்த வண்டியை விட முடியாது.

மறுநாள் காலை டூட்டி முடிந்து கிளம்பும் முன் அந்த வார்டுக்கு போன் போட்டேன். எடுத்த ஜூனியர் டாக்டர், "இருக்கான் சார்" என்றார். ஐந்தாம் நாள் திரும்பப் பேசினேன். முழங்கைக்கு மேலே கையை எடுக்க வேண்டி வந்துவிட்டது. சிறுநீரகம் தப்பித்தது. பல வாரம் கழித்து வீட்டுக்குப் போனான்.

அவன் அப்பா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசவில்லை.

"எடது கையால எழுதப் பழகறான் சார். கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. ஆனா எழுதறான்."

இரண்டாவது அலைக்குப் பிறகு ஒரு வண்டி முழுசாகக் கடந்து போனதை நான் பார்த்தது அன்றுதான். நல்ல முடிவு என்று சொல்ல மாட்டேன். ஒரு கை போயிருக்கிறது. ஆனால் முடிவு தெரியும். அன்று தூங்கினேன்.

இப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன டைரியில் ஒரு வரி. மறுநாள் ஒரு போன். எல்லா முறையும் நல்ல பதில் வருவதில்லை. "காலையில போயிட்டார் சார்" என்றும் வரும். எழுதிவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

19/
சரி, சொன்ன அறிவுரை.

நின்றிருக்கும் கூட்ஸ் வண்டி மேல் ஏறாதீர்கள். ஏணி இருக்கிறதே என்று தோன்றும். அந்த ஏணி நமக்கில்லை.

வண்டிக்கு அடியில் புகுந்து கடக்காதீர்கள். எந்த நொடியும் நகரும். முன்னால் இருப்பவருக்கு நீங்கள் அங்கே இருப்பது தெரியாது.

தண்டவாளத்தில் நின்று போட்டோ வேண்டாம். காதில் இயர்போனோடு கடப்பதும் வேண்டாம். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். அந்த ஆம்புலன்ஸ் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது மின்கம்பியில் அடிபட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தும் வரை அருகில் போகக் கூடாது. ஸ்டேஷன் ஊழியர்களிடம் சொல்லுங்கள். ரயில்வே உதவி எண் 139, ஆம்புலன்ஸ் 108.

பார்க்க வேண்டுமா? பிளாட்பார்ம் டிக்கெட் எடுங்கள், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். அங்கிருந்தே எல்லாம் தெரியும். யாராவது கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் தோற்றுப்போங்கள்.

20/
மறுபடி போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பதினொன்று ஆகப்போகும்போது வந்தது. முதலில் தண்டவாளத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம், அப்புறம் முகப்பு விளக்கு, அப்புறம் அந்த அடித்தொண்டை முனகல். மூடிய வேகன்கள். நிறைந்த வண்டி. ஆர்.பி.எஃப். காவலரும் போகாமல் நின்று பார்த்தார். அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பிரேக் வேன். கார்டு வாசலில் நின்றிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். சிவப்பு விளக்கு தாம்பரம் பக்கமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

"நாப்பத்தி ரெண்டு" என்றார் காவலர்.

"கரெக்ட் சார்" என்றேன்.

படத்தைக் காட்டினேன். இருட்டும் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும்தான். "ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார். உண்மைதான். போட்டோவாக அது சுமார்தான்.

21/
கார்டு ஐயா இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் படத்தை அன்று ராத்திரியே அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். விடிகாலை நாலரைக்குப் பதில் வந்திருந்தது. ரிட்டயர் ஆகியும் தூக்கம் அந்தக் கணக்கில்தான்.

"எத்தனை வண்டி?"

"42 ஐயா."

"எல்.வி. பார்த்தீங்களா?"

"பார்த்தேன் ஐயா. நேத்து ஃபாஸ்டிங் சுகர் எவ்வளவு?"

ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கொண்டே இருந்தார்.

"148. ஒரே ஒரு ஜாங்கிரி டாக்டர். பேத்தி பொறந்தநாள்."

இந்த வண்டியை மட்டும் லூப் லைனில் நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையில் போன் போட்டுத் திட்ட வேண்டும்.

உங்கள் ஊர் கேட்டில் எத்தனை எண்ணியிருக்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.